ஞாயிற்றுக்கிழமை வரை

தேயிலை வெட்டும் இயந்திரத்தை ஒருவர் தனியாகப் பிடிக்க முடியாது. நிரையாக நிற்கும் செடிகளின் மேல் அதைக் குறுக்காக வைத்தால், இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு முனையில் எஞ்சின் இருப்பதால் அந்தப் பக்கம் கனம் அதிகம். மறுமுனையில் கனம் குறைவு, பொறுப்பு அதிகம். கத்தி எந்த உயரத்தில் ஓட வேண்டும் என்பதை அந்த முனையில் நிற்பவர்தான் முடிவு செய்கிறார். சற்றுத் தாழ்ந்தால் முற்றிய இலையும் குச்சியும் சேர்ந்து வந்துவிடும். அடுத்த சுற்றுக்குள் செடி துளிர்க்கத் திணறும். சற்று உயர்ந்தால் கொழுந்து பாதி செடியிலேயே நின்றுவிடும். வெட்டுப்பட்ட கொழுந்தை ஒரு காற்றாடி ஊதி, பின்னால் இழுபடும் நீளமான பைக்குள் தள்ளும். அந்தப் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாவது ஆள் ஒருவர் வருவார்.

எஞ்சின் பக்கம் மகேஸ்வரன். மறுபக்கம் அவர் மனைவி கங்கா. பதினோரு வருடமாக இருவரும் ஒரே இயந்திரத்தின் இரண்டு முனைகளைப் பிடிக்கிறார்கள். பை பிடிப்பவர் சிங்காரம். அறுபதை நெருங்குகிறவர், வாய் ஓயாதவர். எஞ்சின் சத்தத்தில் அவர் பேசுவதில் பாதி யாருக்கும் கேட்காது. அதற்காக அவர் பேச்சைக் குறைத்ததில்லை.

தோட்டத்தில் இப்போது வங்காளதேசத்துக்காரர்களும் நேப்பாளத்துக்காரர்களும்தான் அதிகம். தமிழர் குடியிருக்கும் லைன் வீடுகள் பதினான்குதான் மிச்சம். அந்தப் பதினான்கு வீடுகளில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான ஆறாம் படிவம் வரை படித்து முடித்த முதல் பிள்ளை, மகேஸ்வரனின் ஒரே மகள் அன்பரசி. விடியுமுன் எழுந்து, பனியில் சாலை வரை நடந்து, பஸ் பிடித்துப் படித்தவள். பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டாள். ஆகஸ்டு மாதம் வந்த பதிலில் அவளுக்கு இடம் இல்லை. அப்படி இடம் கிடைக்காதவர்கள் மறுபடி கேட்டு எழுதலாம். அதற்கு மலாயில் ராயுவான் என்று பெயர். அன்பரசி அதையும் எழுதிப் போட்டாள். அந்த நேரம் அவள் கைப்பேசி துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்து செத்துப் போயிருந்ததால், தொடர்பு எண் என்ற இடத்தில் அப்பாவின் எண்ணைப் போட்டாள். பிறகு கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தின் பொட்டலக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்து, தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் முதலாளி கொடுத்த இடத்திலேயே தங்கிக்கொண்டாள். ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருவாள். ராயுவானுக்கு மாதக் கடைசியில்தான் பதில் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

பதில் ஒரு வாரம் முன்னாலேயே, ஒரு செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

லைன் வீடுகளில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. மேட்டின் மேல் இருக்கும் நிறுவைக் கொட்டகையில்தான் கிடைக்கும். கொழுந்தைப் பையிலேயே அடைத்து வைத்திருக்க முடியாது. வெட்டிய பிறகும் இலை மூச்சுவிடுகிறது. நெருக்கமாகக் கிடந்தால் சூடேறி, பைக்குள்ளேயே சிவந்துபோகும். அதனால் ஒரு நாளில் மூன்று முறை எடை நிறுத்து, லோரியில் ஏற்றி, ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். மத்தியான நிறுவைக்காக நின்றிருந்தபோது மகேஸ்வரனின் சட்டைப்பையில் கைப்பேசி நடுங்கியது.

குறுஞ்செய்தி மலாயில் இருந்தது. மகேஸ்வரனுக்கு மலாய் பேச வரும். படிப்பது எழுத்துக் கூட்டித்தான். மகளின் பெயர் தெரிந்தது. முதல் சொல் ‘தஹ்னியா’. பள்ளிக்கூட வாசலில் பரீட்சை முடிவு வந்ததும் கட்டும் துணியில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறார். வாழ்த்துச் சொல்லும் வார்த்தை.

நிறுவையைக் குறித்துக்கொண்டிருந்த தோட்டக் கணக்கர் கிரகரி கிராணியிடம் போனார். கிரகரியின் அப்பாவும் இதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்தான்.

“கிராணி, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்.”

கிரகரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். “அட! அண்ணே! அன்புக்குக் கெடச்சிருச்சுண்ணே! ஜொகூர்ல. உணவு அறிவியலு.”

“நெசமாவா?”

“பேரு, ஐசி நம்பரு, எல்லாம் போட்டிருக்கான்லா. விவரத்தப் போர்ட்டல்ல பாக்கச் சொல்றான். பாப்பாகிட்ட சொல்லுங்க, அது பாத்துக்கும்.”

“போகச் சொல்லி உத்தரவு வந்துருச்சு. அப்படித்தானே?”

ஆலையிலிருந்து வாக்கி-டாக்கியில் லோரி எங்கே என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கிரகரி ஒரு காதை அதற்குக் கொடுத்தபடி, “உத்தரவுதான்னு வச்சுக்குங்களேன்” என்றார்.

“கிராணி, ஒரு ஒதவி. இத யாருகிட்டயும் சொல்லிராதீங்க. கங்காகிட்டகூட.”

“வீட்டுக்காரம்மாகிட்டயேவா? ஏண்ணே?”

“போன தடவ பட்டது போதும்லா. ஞாயித்துக்கெழம புள்ள வரும். வெறுங்கையோட நல்ல சேதி சொல்லக் கூடாது. இனிப்பு வாங்கிட்டு வந்து நானே சொல்லிக்கிறேன்.”

“சரிண்ணே. நான் வாயத் தொறக்கல” என்று சொல்லி, கிரகரி லோரியைப் பார்க்க ஓடினார்.

போன தடவை பட்டது இதுதான். பதில் வருவதற்கு இரண்டு நாள் முன்பே கங்கா கோயிலுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்துவிட்டாள். மற்ற பதின்மூன்று வீட்டுக்கும் செய்தி போயிற்று. இடம் இல்லை என்று தெரிந்ததும் அதே பதின்மூன்று வீட்டிலிருந்தும் பெண்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். அன்பரசி மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. பலர் கண் பட்டுத்தான் போயிற்று என்று மகேஸ்வரன் முடிவு கட்டியிருந்தார்.

அந்தக் குறுஞ்செய்தி எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. அதில் இருந்தது பாதிச் செய்திதான். மீதியைப் போர்ட்டல் என்ற இணையப் பக்கத்துக்குள் போய், ஐசி என்ற அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தின் அடியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று, ஏற்கிறேன். மற்றொன்று, மறுக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒன்றை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் வேண்டாம் என்று பொருள். இடம், பட்டியலில் அடுத்து இருக்கும் பிள்ளைக்குப் போய்விடும்.

மகேஸ்வரனின் வாழ்க்கையில் அப்படி ஒரு பொத்தான் இருந்ததில்லை. அவருக்குப் பதினேழு வயதானபோது, வேலை வாங்கும் கங்காணி அவர் வீட்டு வாசலில் வந்து நின்று, நாளையிலிருந்து செடி கவ்வாத்துக்கு வா என்றார்; இவர் போனார். கல்யாணமானதும் ஒன்பதாம் நம்பர் வீடு என்று ஆபீசில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். பழைய லைனை இடித்தபோது வேறு வீட்டு நம்பர் போட்டு இன்னொரு காகிதம். இயந்திரம் வந்தபோது, நீயும் உன் மனைவியும் ஒரு ஜோடி என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கையெழுத்துப் போட்ட காகிதம். காகிதம் வந்தால் அது நடந்துவிடும். கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு இருக்கும். அது, கடிதம் கைக்கு வந்தது என்று சொல்வதற்கான கோடு. உனக்கு வேண்டுமா என்று எந்தக் காகிதமும் அவரைக் கேட்டதில்லை.

மகளுக்கு வந்ததும் அப்படி ஒரு காகிதம்தான் என்று அவர் நம்பினார். வந்துவிட்டது; இனி அது எங்கே போகும்?

புதன்கிழமை காலையில் இயந்திரம் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

“என்னாங்க, எங்க ஓடுறீங்க?” கங்கா எதிர்முனையிலிருந்து கத்தினாள். “உங்க வேகத்துக்குக் கத்தி தூக்குது. கொழுந்து நிக்குது பாருங்க! மெதுவா வாங்கலா!”

“சரி, சரி.”

“என்னா மகேசு,” பின்னாலிருந்து சிங்காரம் எஞ்சினுக்கு மேல் குரலை உயர்த்தினார், “காலையிலேர்ந்து பல்லு வெளியவே இருக்கு. காயப் போட்டிருக்கியா?”

“வெயிலு நல்லாருக்குண்ணே.”

“எங்கடா வெயிலு? மேகம் தலையில இடிக்குது!”

ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு அப்பால் கங்காவின் முகம். காலை ஆறரையிலிருந்து மாலை வரை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தாக வேண்டும். எஞ்சின் ஓடும்வரை பிரச்சினை இல்லை. நிரையின் முடிவில் எஞ்சினை அணைத்து, இயந்திரத்தைத் திருப்பும் அந்த ஒரு நிமிடம்தான் கஷ்டம். புதன்கிழமை இருபது முறைக்கு மேல் திருப்பினார்கள். ஒவ்வொரு முறையும் சொல் தொண்டை வரை வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் கயிற்றை இழுத்து எஞ்சினை முடுக்கிவிட்டார்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கே மழை பிடித்துக்கொண்டது. மலையில் மழை மேலிருந்து விழுவதில்லை. பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளையாக ஏறி வந்து சூழ்ந்துகொள்ளும். மூவரும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நிறுவைக் கொட்டகைக்கு ஓடினார்கள். ஈரப் பலகையில் உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார்கள். சோறு, நெத்திலி சம்பல், வதக்கிய பயற்றங்காய். பிளாஸ்க்கில் இஞ்சி தட்டிப் போட்ட தேநீர்.

“அன்பு அங்க என்னத்த சாப்புடுதோ” என்றாள் கங்கா. “கையெல்லாம் வெடிச்சுப் போச்சாம். நாள் பூராவும் பச்சத் தண்ணியில சாவியக் கழுவுனா வெடிக்காம என்னா செய்யும்?”

சாவி என்பது அங்கே விளையும் கீரை.

“ராயுவான் என்னாச்சு?” என்றார் சிங்காரம்.

“அதெல்லாம் பேருக்குக் கேக்குறதுண்ணே. மொதல்லயே குடுக்காதவன் அப்புறமா குடுக்கப் போறானா?”

“வரும்” என்றார் மகேஸ்வரன். சோற்றைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

“ஆமா, இவரு கையிலதான் வச்சிருக்காரு. எடுத்துக் குடுக்கப் போறாரு.”

சிங்காரம் சிரித்தார். மகேஸ்வரனும் சிரித்தார், கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டார். நெத்திலி புரையேறியது. கங்கா அவர் தலையில் தட்டினாள்.

அப்போதுதான் அன்பரசி, புதிதாக வாங்கிய கைப்பேசியிலிருந்து கூப்பிட்டாள். மழை நாளில் அப்பாவும் அம்மாவும் கொட்டகையில் இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

“அப்பா, சாப்பிட்டீங்களா?”

“சாப்பிடுறோம். ஞாயித்துக்கெழம வந்துருவல்ல?”

“அதச் சொல்லத்தான்பா கூப்பிட்டேன். இந்த ஞாயிறு வரல. சிங்கப்பூருக்கு ரெண்டு லோரி போகுது. தவுக்கே இருக்கச் சொல்றாரு.”

“அதெல்லாம் வேணாம். நீ வந்துரு.”

“ஏன்பா, யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா?”

“எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க.”

“அப்புறம் என்னா?”

மகேஸ்வரன் எழுந்து கொட்டகையின் ஓரத்துக்குப் போனார். கூரையிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது. அதற்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மழையில், ஒரு கையில் சோறு ஒட்டியிருக்க, சிங்காரம் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போதா சொல்வது? மூன்று தலைமுறையில் இந்தக் குடும்பத்துக்கு வந்த இப்படிப்பட்ட ஒரே சேதியை?

“வந்தா தெரியும்லா” என்றார்.

“சரிப்பா. தவுக்கேகிட்ட சொல்லிப் பாக்குறேன்.”

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அப்போது இன்னும் இருபத்தொன்பது மணி நேரம் இருந்தது.

அந்த ஐந்து மணிக்கு மகேஸ்வரன் குழாயடியில் உட்கார்ந்து இயந்திரத்தின் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். தேயிலைப் பால் காய்ந்தால் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு பல்லாகத் தேய்க்க வேண்டும். அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடினார். நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று கங்கா நினைத்தாள். குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய், வழக்கத்துக்கு மாறாக இரண்டு சூடம் ஏற்றினார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் பிரிஞ்சாங்குக்குப் போய், ரொட்டிக் கடையில் ஒரு கேக் செய்யச் சொன்னார். மேலே என்ன எழுத வேண்டும் என்று கடைக்காரப் பெண் கேட்டாள். கேக்கில் எழுதுவதற்குக் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்து, தஹ்னியா அன்பரசி என்று சொன்னார். பிறகு இரவுச் சந்தை போடும் இடத்தில் கடை விரிக்கத் தொடங்கியிருந்தவர்களிடம் சக்கரம் வைத்த பயணப்பை ஒன்று வாங்கினார். நீல நிறம். இரண்டையும் கிரகரியின் வீட்டில் ஒளித்துவைத்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அன்பரசி வந்தாள். கையில் ஒரு பை நிறைய கோஸ். கங்கா அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்து, தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து தடவத் தொடங்கினாள். மகேஸ்வரன் வெளியே போய், பெட்டியும் பையுமாகத் திரும்பி வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

“யாருக்குக் கல்யாணம்?” என்றாள் கங்கா.

மகேஸ்வரன் பதில் சொல்லாமல் பெட்டியை மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். பச்சை எழுத்தில், தஹ்னியா அன்பரசி.

அன்பரசி படித்தாள். அப்பாவைப் பார்த்தாள். “என்னாப்பா இது?”

“கெடச்சிருச்சும்மா. ராயுவான் கெடச்சிருச்சு. ஜொகூரு!”

கங்கா ‘ஐயோ’ என்று எண்ணெய்க் கையோடு மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். “எப்ப, எப்படித் தெரியும்? யாரு சொன்னா?”

அன்பரசி சிரித்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. “மாசக் கடைசின்னாங்களே. இன்னிக்கா வந்துச்சு?”

“செவ்வாக்கெழமயே வந்துருச்சு” என்றார் மகேஸ்வரன் பெருமையாக. “அஞ்சு நாளு வாயத் தொறக்கலியே நானு! உங்கம்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டே மெசினப் புடிச்சேன். கேட்டுப் பாரு.”

அன்பரசியின் சிரிப்பு அப்படியே இருந்தது; கண் மட்டும் மாறியது. “செவ்வாக்கெழமயா? போனக் குடுங்க.”

குறுஞ்செய்தியைப் படித்ததும் அவள் எழுந்து வெளியே போனாள். செருப்புப் போடவில்லை. மேட்டுப் பாதையில் அவள் ஏறுவதைப் பார்த்து, இவர்களும் பின்னால் போனார்கள். சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போகிறாள் என்று மகேஸ்வரனுக்குப் புரிந்தது. எதற்கு இந்த அவசரம் என்பதுதான் புரியவில்லை.

ஞாயிறு என்பதால் நிறுவைக் கொட்டகை காலியாக இருந்தது. தராசில் கொக்கி மட்டும் தொங்கியது. அன்பரசி தூணில் சாய்ந்து தன் புதுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது, திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வரி. பொத்தான்கள் இல்லை.

“என்னா போட்டிருக்கு?” என்றாள் கங்கா.

“நேரம் முடிஞ்சு போச்சாம்மா. வெள்ளிக்கெழம அஞ்சு மணியோட. இது வேணும்னு நான் அமுக்கியிருக்கணும். அமுக்காததால வேணாம்னு எடுத்துக்கிட்டாங்க.”

“யாரு வேணாம்னா?” மகேஸ்வரன் ஓர் அடி முன்னால் வந்தார். “நாம எப்ப வேணாம்னோம்?”

“ஒண்ணும் சொல்லலன்னா வேணாம்னுதான்பா அர்த்தம்.”

“அது எப்படி? வேணும்னுதானேம்மா எழுதிப் போட்டோம்? ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ எழுதிப் போட்டோம். அப்புறம் எதுக்கு மறுபடியும் வேணுமான்னு கேக்கணும்? கேட்டா யாராச்சும் வேணாம்பாங்களா?”

“சொல்லுவாங்கப்பா. ரெண்டு மூணு எடத்துல கெடச்சவங்க வேணாம்பாங்க. அதுக்குத்தான் கேக்குறாங்க.”

இரண்டு மூன்று இடத்தில் கிடைப்பது என்பதை மகேஸ்வரன் நினைத்துப் பார்க்க முயன்றார். “என்னைய யாரும் எதையும் கேட்டதில்லம்மா” என்றார் கடைசியில். “குடுத்தாங்கன்னா குடுத்தாங்க. அப்படித்தான் நெனச்சேன்.”

கங்காவுக்கு அப்போதுதான் முழுதும் விளங்கியது. “அஞ்சு நாளு!” என்று கத்தினாள். “அஞ்சு நாளு என் மூஞ்சிக்கு எதிர நின்னு மெசினப் புடிச்சீங்களே! ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கோலா தெர்லாவுக்கு நடந்தே போயிச் சொல்லியிருப்பேனே! கேக்கு வாங்குனாராம் கேக்கு!”

“அம்மா, விடு.”

“என்னாத்த விடுறது? நான் வாயி பெருசாப் பேசுறவ, கண்ணு பட்டுரும்னு என்கிட்ட மறச்சாரு. இப்ப யாரு கண்ணு பட்டுச்சு? கேளு உங்கப்பாவ!”

கீழே ஆலைப் புகைபோக்கியில் ஞாயிற்றுக்கிழமைக்குப் புகை இல்லை. அன்பரசி வெறுங்காலால் தரையில் கிடந்த காய்ந்த இலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். அவள் அழுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள், “கீழ போலாம். குளுருது” என்றாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு, ஆபீசிலிருந்து கிரகரி பல்கலைக்கழகத்துக்குப் பேசினார். மகேஸ்வரன் மேசைக்கு முன்னால் நின்றிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எதிர்முனையில் பேசிய பெண் நல்லவளாகத்தான் இருந்தாள். குரலைத் தாழ்த்தி, நிதானமாக விளக்கினாள். சனிக்கிழமை காலையிலேயே இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது. அந்த மாணவர் ஏற்றுக்கொண்டும் விட்டார். அடுத்த வருடம் பிப்ரவரியில் மறுபடி திறப்பார்கள். இதே மதிப்பெண்களை வைத்து விண்ணப்பிக்கலாம்.

கிரகரி போனை வைத்தார். “நானும் பாத்திருக்கணும்ணே. போர்ட்டல்னு படிச்சேன்ல, அப்பவே இந்தக் கம்ப்யூட்டர்ல தொறந்திருக்கலாம். உத்தரவுதான்னு வச்சுக்குங்கன்னு வாயில வந்ததச் சொல்லிட்டேன்.”

“நீங்க என்னா பண்ணுவீங்க கிராணி. ஆலையிலேர்ந்து கத்திக்கிட்டிருந்தாங்க” என்றார் மகேஸ்வரன். பிறகு வேலைக்குப் போனார்.

அன்றைக்கு மூவரும் நிரை மேல் நிரையாக வெட்டினார்கள். சிங்காரம்கூடப் பேசவில்லை. மாலையில் கங்கா ஒரு கரண்டியால் கேக்கின் மேலிருந்த பச்சை எழுத்துகளை வழித்துத் தொட்டியில் கொட்டினாள். மிச்சத்தை வெட்டிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டவர்களிடம், சும்மா வாங்கினோம் என்றாள்.

அடுத்த நான்கைந்து மாதங்களில் மகேஸ்வரன் விண்ணப்ப முறையைக் கற்றுக்கொண்டார். கிரகரியிடம் கேட்டுக் கேட்டு, தோட்டத்தில் யாருக்கும் தெரியாத அளவுக்குத் தெரிந்துவைத்திருந்தார். எந்தத் தேதியில் திறக்கும், எந்தத் தேதியில் மூடும், எத்தனை படிப்புகளை வரிசைப்படுத்தலாம், பதில் எப்போது, ஏற்க எத்தனை நாள், ராயுவானுக்கு எத்தனை நாள். அடுப்படி நாட்காட்டியில் எல்லாத் தேதிகளையும் சிவப்பு மையில் வட்டமிட்டார். சிங்காரத்தின் அக்கா பேத்தி ஐந்தாம் படிவம் முடித்தபோது, ரப்பர் பூட்சோடு அந்த வீட்டு வாசலில் நின்று, “பாப்பாவோட நம்பரையே போடச் சொல்லுங்க, தகப்பன் நம்பரப் போடாதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்.

பிப்ரவரியில் விண்ணப்பம் திறந்த அன்றே, மத்தியான நிறுவையோடு லீவு கேட்டுக்கொண்டு புறப்பட்டார். போனில் சொல்லியிருக்கலாம். போனை அவர் இப்போது நம்புவதில்லை. அன்பரசியின் சான்றிதழ்கள், பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறைகள் வைத்த கோப்பு ஒன்றில் வரிசையாகப் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி கோலா தெர்லாவில் இறங்கினார்.

பொட்டலக் கொட்டகை சாலையோரத்தில் இருந்தது. மலையிலிருந்து வந்த சாவியும் தக்காளியும் மிளகாயும் கூடை கூடையாக ஒரு பக்கம் நுழைந்து, கழுவி, அளவு பார்த்து, பெட்டியில் அடுக்கி, மறுபக்கம் லோரியில் ஏறின. நடுவில் அன்பரசி நின்றிருந்தாள். முழங்கால் வரை பூட்ஸ். காதில் ஒரு பேனா. நசுங்கிய பெட்டி ஒன்றைத் தட்டிக் காட்டி, மியன்மார்க்காரப் பெண் ஒருத்தியிடம் மலாயில் ஏதோ கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைவிட மூத்த அந்தப் பெண் தலையை ஆட்டினாள். மகளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது மகேஸ்வரனுக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்பாவைப் பார்த்ததும் ஓடிவந்தாள். “என்னாப்பா? யாருக்கு என்னா?”

“ஒண்ணுமில்லம்மா. தொறந்துட்டாங்க. இன்னிக்குக் காலையிலதான்.”

“எத?”

“விண்ணப்பம்! எல்லாம் எடுத்துட்டு வந்திருக்கேன். தேதி பூரா எழுதி வச்சிருக்கேன். உன் போன்லயே போட்டுரலாம். பன்னெண்டு படிப்பு வரைக்கும் போடலாமாம். மொதல்ல உணவு அறிவியலு, அப்புறம்...”

“அப்பா.”

“பதிலு வந்தா நீயே அமுக்கிரு. எனக்குச் சொல்லக்கூட வேணாம். அமுக்கிட்டு அப்புறம் சொல்லு.”

அன்பரசி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவரைக் கவிழ்த்துவைத்த ஒரு கூடையின் மேல் உட்காரவைத்தாள். தானும் எதிரில் குந்தினாள்.

“இந்த வருசம் வேணாம்பா.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“வேணாம்னா?”

“போடலப்பா. தவுக்கே இந்தக் கொட்டாய என்கிட்ட விட்டுட்டாரு. பதினாறு பேரு வேல செய்யிறாங்க. நல்லாத்தான் போகுது.”

“இது எங்கம்மா போகப் போகுது? இருக்கும். படிச்சிட்டு வந்து...”

“தெரியும்பா.”

“எம்மேல கோவமா இருந்தா நேராத் திட்டிரும்மா. உங்கம்மா திட்டுனா. இன்னிக்கு வரைக்கும் திட்டுறா. அது எனக்குப் பரவால்ல.”

“கோவமெல்லாம் இல்லப்பா. சத்தியமா இல்ல.” அவள் வெடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மொத தடவ இல்லன்னாங்க. ரெண்டாவது தடவ கெடச்சும் போச்சு. மறுபடியும் எழுதிப் போட்டு, ஆகஸ்டு வரைக்கும் போனப் பாத்துப் பாத்து... என்னால இன்னொரு தடவ ஆசப்பட முடியலப்பா.”

அவருக்குத் தேதிகள் தெரியும். நாட்கள் தெரியும். இது அடுப்படி நாட்காட்டியில் இல்லை.

“அடுத்த வருசம்?” என்றார்.

“பாக்கலாம்.”

லோரிக்காரர் ஹாரன் அடித்தார். அன்பரசி எழுந்தாள். “இது ஏத்துனாத்தான் எல்லைக்கு நேரத்துக்குப் போகும். இருங்க, தண்ணி கொண்டாரச் சொல்றேன். நாலரைக்கு பஸ் இருக்கு.”

“நீ வேலையப் பாரு. நான் போயிக்குவேன்.” அவர் கோப்பை நீட்டினார். “இத வேணா இங்க வச்சிக்கயேன். எப்பயாச்சும் தோணுச்சுன்னா...”

அன்பரசி அதை வாங்கித் திறந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் தன் சான்றிதழ்களைப் பார்த்தாள். மூடினாள். அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“வீட்டுலயே இருக்கட்டும்பா” என்றாள். “இங்க எல்லாம் ஈரம்.”